ஜெயராணி வீட்டு மலையும் பனியும்

"டோனர் தீர்ந்துபோச்சு, ராணி. அதான் இப்படி வந்திருக்குது" என்றார் தேவசகாயம்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மனிதர். உலகத்தில் எந்தத் தாளைக் காட்டினாலும் மை சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அதற்காக, பெட்டியைப் பிரித்து, சுருளை அவிழ்த்து, ஆள் உயரத்துக்கு அந்தச் சீனத்துப் படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று பெண்டாட்டி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்திலா இதைச் சொல்வது? மேலே மலை. கீழே ஆறு. ஆற்றில் ஒரு படகு, படகில் ஒரே ஒரு ஆள். நடுவில் முழுக்கப் பனி, அதாவது வெறும் தாள். அந்த வெற்றிடத்துக்காகத்தான் ஜெயராணி அந்தப் படத்தை வாங்கினாள்.

"அது பனிங்க."

"பனியா? காலி கார்ட்ரிட்ஜ்ல அடிச்சா எங்க கடையிலகூடதான் பனி விழும். பேசாம ரிட்டர்ன் போட்டுடு. நாள் தாண்டிட்டா வாங்கிக்க மாட்டான்."

ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டாள். இருபத்து நாலு வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம்.

ஒரு படத்துக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்டால், அவள் இருந்த வீடுகளைத்தான் சொல்ல வேண்டும். பிறந்தது குடிகாட்டில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டின ஊர். அப்பா அந்தோணிசாமி லோடு ஏற்றுகிற வேலை. பத்து வயதிலேயே கடலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் நர்ஸ் படிப்பு, கல்யாணம், சிதம்பரத்தில் வாடகை வீடு, அதற்குப் பிறகு இன்னொரு வாடகை வீடு. ஒரு வீட்டுக்காரர் கூடத்துக்குக் கிளிப்பச்சை அடித்து வைத்திருந்தார். இன்னொருவர் தம் செத்துப்போன தகப்பனாரின் படத்தைக் கழற்றவே கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அந்த முன்பின் தெரியாத கிழவரின் முறைப்பில்தான் அவள் பிள்ளை பெற்று வளர்த்தாள். கடைசியில் லோன் போட்டு, நகையை அடகு வைத்து, ஊருக்கு வெளியே வயல் பக்கம் ஒரு வீட்டைக் கட்டி முடித்தபோது அவள் பெயிண்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளை அடி. கலரு கிலருன்னு எதையாவது எடுத்துக்கிட்டு வந்த, அவ்ளோதான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். தனியார் மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸ். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளியின் கட்டிலில் குந்தியிருக்கும் சொந்தக்காரர்கள் எழுந்து சுவரோரம் போய்விடுவார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று யாரையும் கேட்க மாட்டாள். "சாப்பிடுங்க" என்பாள். கேட்டுக்கொண்டிருந்தால் வார்டு நடக்குமா?

அந்த மருத்துவமனையில், பெரிய டாக்டர் அறையில்தான் முதன்முதலில் இப்படி ஒரு சுருள்படத்தைப் பார்த்தாள். மேலும் கீழும் மரக்குச்சி வைத்து, கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். வராண்டாவில் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டு வருகிற ஆள்கூட அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தால் குரல் இறங்கிவிடும். படத்தினாலா, ஏ.சி.யினாலா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். படத்தினால்தான் என்று ஜெயராணி முடிவு செய்துவிட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் சேரனை நச்சரித்து, அதே மாதிரி நாலு சுருள்களை ஆன்லைனில் வரவழைத்தாள்.

"யம்மா, இதெல்லாம் பிரிண்ட்டு. ஒரிஜினல் எதோ மியூசியத்துல இருக்கும்" என்றான் மகன் போனில்.

"பிரிண்ட்டே போதும்டா. எங்கப்பா இன்னா மியூசியமா கேட்டாரு?"

அப்பாவுக்காகத்தான். அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா மங்கலம் கண்ணை மூடினதிலிருந்து அந்தோணிசாமி குடிகாட்டில் தனியாக இருந்தார். நெஞ்சில் எந்நேரமும் ஒரு இழுப்பு. பெரிய டாக்டர் அவர் முதுகில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல காத்து இருக்கற எடமாப் பாத்துக் கொண்டுபோய் வைங்க, சிஸ்டர்" என்றார். அவர் சொல்லாமல் விட்டதும் அவளுக்குப் புரிந்தது. நர்ஸாயிற்றே. இன்னொரு மழைக்காலத்தை அவர் அங்கே தனியாகக் கழித்தால், அடுத்த தடவை ஆம்புலன்ஸில்தான் வருவார். எப்படியாவது அவரை இங்கே கொண்டுவந்து இருக்க வைத்துவிட வேண்டும். அவளுக்கு இப்போது வேறு எந்தக் கவலையும் இல்லை, இது ஒன்றுதான்.

அதற்கென்று கிழக்கே பார்த்த அறையை ஒதுக்கினாள். ஜன்னலைத் திறந்தால் வயல், காற்று சும்மா பிய்த்துக்கொண்டு வரும். கட்டிலுக்கு நேர் எதிரே, நாலு படங்களிலும் பெரியதான அந்த மலைப்படம். கண் விழித்தால் மலையும் பனியும் தெரிய வேண்டும், பார்க்கும்போதே நெஞ்சு இளக வேண்டும். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறாள்!

ஆனால் வீட்டில் ஒருத்தராவது அந்தப் படங்களை நிம்மதியாகத் தொங்க விட்டார்களா? கூடத்தில் மாட்டிய மூங்கில் படம், ஃபேன் போட்டால் போதும், அடிக்குச்சி சுவரில் டொக்கு டொக்கு என்று அடித்துக்கொண்டே இருந்தது. தேவசகாயம் அதற்கு செல்லோ டேப் போட்டு ஒட்டினார். டேப் பெயிண்டை உரித்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு பிரீதா ஒரு டம்ளர் பால் கேட்டு வந்தவள், தடி ஊன்றிப் பாலம் தாண்டுகிற தாடிக்காரரின் படத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்தச் சித்தருக்கா? நீங்க மாதாவக் கும்புடற வேதக்காரங்களா இருந்தும் வெச்சிருக்கீங்களே" என்று உருகிப்போனாள். அவர் சித்தர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழம் பூ வந்துவிட்டது. நாலாவது படத்தில் பூத்த கிளை ஒன்று. கிளையின் வலப்பக்கம் பூராவும் சும்மாதானே கிடக்கிறது என்று, தேவசகாயம் அங்கே மாதா கோயில் காலண்டரை மாட்டினார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். மூங்கில் படத்துக்கு அவர் செய்ததை மட்டும் பொறுக்க முடியவில்லை. மழை ஈரத்தில் அதன் ஓரத்தில் பூஞ்சை பிடித்தது. "நான் பாத்துக்கறேன், உடு" என்றார். எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். மெஷினில் நுழையாத காரணத்தால் மூங்கிலை மூன்று துண்டாக வெட்டி, ஆதார் கார்டுக்குப் போடுவதுபோல மூன்றையும் லேமினேஷன் போட்டிருந்தார்.

"இனிமே தண்ணியே ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாது. தொடச்சிக்கலாம்."

அன்றைக்கு ஜெயராணி கத்திய கத்தலில் பிரீதா வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பாவை அழைத்து வருவதும் சுலபமாக இல்லை. கூப்பிடும்போதெல்லாம் அவரிடம் ஒரு சாக்கு இருந்தது. கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, ஈஸ்டர் வருகிறது, தண்ணி வரி கட்டணும். ஒருநாள் காலையில் ஜெயராணியே கார் வைத்துக்கொண்டு போனாள். அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து ரெக்சின் பையில் துணிமணியை அடைத்தாள். கோழிகளை எதிர்வீட்டு மாரியம்மாளிடம் ஒப்படைத்தாள். கேஸை மூடினாள், வீட்டைப் பூட்டினாள், சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஈரத்தலையோடு வெளியே வந்த மனிதரிடம் "ஏறுப்பா" என்றாள். அவர் பூட்டைப் பார்த்தார், மாரியம்மாளைப் பார்த்தார். ஏறிக்கொண்டார். பார், எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது என்று வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம்.

"ரூமு எப்படிப்பா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர்போல உட்கார்ந்தார். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவருக்கென்று ஒழித்து வைத்திருந்த அலமாரியை அவள் திறந்து காட்டினாள், புது ஹேங்கர்களைக் காட்டினாள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். துணி பையைவிட்டு வெளியே வரவே இல்லை. குளித்துவிட்டு வந்து அதிலிருந்து ஒன்றை எடுத்து உடுத்துவார், கழற்றியதைத் துவைத்து, காய்ந்ததும் மடித்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்துவிடுவார்.

சாயங்காலமானால் ஜன்னல் சண்டை. வெளியே குளுகுளுவென்று காற்று வரும். அவர் எழுந்து போய்க் கதவுகளை இழுத்துச் சாத்தி, கொக்கி போட்டு, துண்டை நனைத்து இடுக்கில் அடைப்பார்.

"எதுக்குப்பா சாத்தற?"

"காத்து திரும்பற நேரம்மா."

குடிகாட்டில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சிப்காட் கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கை எரிக்கிற வாடை வரும். யார் வீட்டில் முதலில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டாலும் தெருவே சாத்திக்கொள்ளும். அது தெரியாதா ஜெயராணிக்கு? ஆனால் இது சிதம்பரம். கம்பெனி எங்கேயோ கிடக்கிறது.

"இங்க இன்னாப்பா திரும்பப் போவுது? நெல்லு வாசனைதான் வரும். அதுக்காகத்தானே உன்ன இங்க கொண்டாந்தேன்!"

அவள் திறப்பாள். அவள் டியூட்டிக்குக் கிளம்பின பிறகு அவர் சாத்துவார். நல்ல காற்றுக்கென்று கூட்டி வந்த மனிதர் காற்றே இல்லாத அறையில் ஈரத்துண்டு வைத்து உட்கார்ந்திருந்தால் எந்த மகளுக்குத்தான் வயிறு எரியாது?

இதற்கு மேல் ஒன்று. ஒருநாள் காலையில் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால், அப்பா கூடத்துத் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்திருந்தார். அறைக்குள் மலைப்படம் சுருட்டி, சணல் கட்டி, மூலையில் குடைபோலச் சார்த்தப்பட்டிருந்தது. ஜெயராணி நேரே புருஷனிடம் போனாள்.

"மூங்கில் பத்தாதா? இதையும் துண்டு போட எடுத்து வெச்சீங்களா?"

"மாதா சத்தியமா நான் தொடல" என்றார் தேவசகாயம், பல்துலக்கும் பிரஷ்ஷோடு.

அவள் படத்தை மறுபடி மாட்டினாள். மறுநாள் மறுபடி சுருள். மாட்டினாள். சுருட்டினார். வாயைத் திறந்து யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் அவர் அதையே சாக்காக வைத்துக் கிளம்பிவிடுவார் என்று அவளுக்குப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு காலையில் மாட்டுவதே வேலையாகிப்போனது.

சனிக்கிழமை சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அந்தோணிசாமி மெல்லச் சொன்னார்: "காலையில பூசை பாத்துட்டுக் கெளம்பறம்மா. சாவியக் குடு."

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எங்க கெளம்பற? அங்க யாரு இருக்கறாங்க உனக்கு? கோழியா? ஊரு ஒலகத்துல அப்பன பாத்துக்க ஆளு இல்லாம கெடக்கறாங்க. நான் ரூமு கட்டி, கட்டில் போட்டு, படம் மாட்டி வெச்சா, நீ ஜன்னலச் சாத்திக்கிட்டு, படத்தச் சுருட்டி மூலையில வெச்சிட்டு, தரையில படுக்கற! அந்தப் படம் உன்ன இன்னாதான் பண்ணுது?"

அந்தோணிசாமி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து அறைக்குப் போனார். அன்று காலையில் அவள் மாட்டிய படம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரலை நீட்டினார்.

"இந்த ஆளப் பாத்துக்கிட்டு எப்படிம்மா தூங்கறது?"

"எந்த ஆளு?"

"போட்டுல இருக்கறானே, இவன். காத்து திரும்பி எம்மா நேரமாச்சோ, பொகை வந்து மலையவே முழுங்கிடுச்சு. கரையில ஒரு நாதி இல்ல. எல்லாம் எழும்பிப் போயிட்டாங்க. இவன் ஒருத்தன் மட்டும் குந்திக்கினு இருக்கறான். எழும்புடா, போடான்னு வாய் வரைக்கும் வருது."

"அது பொகை இல்லப்பா. பனி."

"பனின்னா வெயில் ஏறினா கலையும். நானும் மத்தியானம் வந்து வந்து பாக்கறேன், அப்படியேதான் இருக்குது." அவரே லேசாகச் சிரித்தார். "படம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கண்ணு கேக்கணுமே."

"அப்பவே சொன்னேன், டோனருன்னு" என்றார் வாசலில் நின்ற தேவசகாயம். ஜெயராணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"யப்பா, அவன் பொம்மை. அவன் எழும்பாட்டி போறான். நீ எழும்பி வந்துட்ட இல்ல? எனக்கு அது போதும்."

"நான் எங்க வந்தேன்?" என்றார் அந்தோணிசாமி. "நீ தூக்கியாந்த."

ஜெயராணி படத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரக் கேட்ட. மாப்பிள்ளையக் கேட்ட. பேரன போன்ல கேட்ட. இந்தச் சீனாக்காரன் படத்த எந்தச் சொவத்துல மாட்டறதுன்னு வாரக்கணக்குல யோசிச்சியாம், மாப்பிள்ளை சொன்னாரு. என்னை ஒரு வார்த்த கேட்டியா, வறியாப்பான்னு?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவ!"

"சொல்லுவேன். அதுக்குன்னு கேக்காமயே இருந்துடுவியா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அது அவளுக்கு வரும். இது வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது வேறு எரிச்சல். எத்தனையோ பேரை அந்த வார்டில் அதட்டி உட்கார வைத்து, மாத்திரை விழுங்க வைத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒருத்தரையும் கெஞ்சியதில்லை. இவரிடம் கேட்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு வேறு மருந்து கிடையாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யப்பா. இங்கயே இருக்கியா? என்கூட?"

அந்தோணிசாமி தாடையைச் சொறிந்தார். "யோசிக்கணும்" என்றார்.

"மாதாவே!" என்று கத்திவிட்டாள் ஜெயராணி. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? கேள் என்கிறார். கேட்டால் யோசிக்கணும் என்கிறார்! எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "யோசி. நிக்கறேன்."

"தலைக்கு மேல நின்னா எப்படி யோசிக்கறது? அந்தாண்ட போ."

சமையலறைக்குப் போனாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். தேவசகாயம் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். "ஒரு வார்த்த பேசாதீங்க" என்றாள். அறையில் சத்தமே இல்லை. ஜிப் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பையைக் கட்டுகிறார். போகட்டும். சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான், அவர் வீடு, அவர் இஷ்டம். கைப்பையைத் தேடினாள்.

"ராணி!"

"இன்னாப்பா?"

"இங்க ஒரு ஆணி வேணும்."

ஈரக்கையோடு ஓடினாள். அவர் ஒரு கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு எதிரே நின்றிருந்தார். பை திறந்து கிடந்தது.

"ஆணி எதுக்கு?"

"சட்டைய எங்க மாட்டறது? எத்தினி நாளைக்குப் பையிலயே வெச்சிருக்கறது?"

"ஹேங்கர் இருக்குதேப்பா, அலமாரியில..."

"அதெல்லாம் எனக்கு வராது. ஆணி அடி."

"எங்க?"

அவர் காட்டின இடத்தைப் பார்த்து ஜெயராணி கண்ணை மூடித் திறந்தாள். மலைக்குக் கீழே, பனி தொடங்குகிற இடத்தில். "இங்க. இந்தப் பொகை மறையும்" என்றார் அந்தோணிசாமி.

தேவசகாயம் சுத்தியலோடு வந்தார். ஆணியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "படத்துல ஓட்ட விழுமே மாமா. கொஞ்சம் தள்ளி அடிச்சா..."

மூங்கிலை மூன்றாக வெட்டின மனிதருக்கு இப்போதுதான் அக்கறை வருகிறது! ஜெயராணி அவர் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினாள்.

"விழட்டும். இது இன்னா, ஒரிஜினலா?"

ஒரே போடு. தாளைக் கிழித்துக்கொண்டு ஆணி உள்ளே இறங்கியது. புதுச் சுவரின் சுண்ணாம்பு பொரிந்து படகில் உதிர்ந்தது. இன்னும் ரெண்டு அடி அடித்து, ஆணியை ஆட்டிப் பார்த்தாள். அந்தோணிசாமி சட்டையை உதறி, காலரை ஆணியில் மாட்டினார். பனி பூராவும் போயிற்று. சட்டைக்கு மேலே மலை தெரிந்தது, கீழ்விளிம்புக்கு அடியில் படகும் அந்த ஆளும். நாலடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு சட்ட இருக்குதே" என்றார்.

ஜெயராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த ஆணிக்குக் கையை நீட்டினாள்.